டீட்டர் வீட்டு வாய்க்கால்

எங்கள் மாவட்டமான ப்ரேடர் கவுண்டியில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது நீதிமன்ற வளாகமும் அதன் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டமும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். எங்கள் மாடுகளுக்கு ஒரு பக்கத்துக் கால்கள் குட்டை, அதனால்தான் சரிவில் விழாமல் மேய்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் கோபமே வராது. அவர்களுக்கு அடித்துக்கொள்ள வேறு தம்பட்டம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெட்டிச் சாய்த்த ஒரு வீரர் உண்டு. அந்தக் காலத்தில் இந்த மலையில் இருந்த ஆண்கள் மொத்தமே முந்நூறு பேர். பேரன்கள் சொல்வதை நம்பினால், குண்டடி பட்டவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

இந்தப் புளுகையெல்லாம் பொறுக்க முடியாத ஒரே மனிதர் டென்சில் டீட்டர். கவுண்டியின் நில அளவையாளர். இருபத்தெட்டு வருஷமாகத் தேர்தலில் போட்டியே இல்லாமல் ஜெயித்து வந்தவர். அதற்குக் காரணம் அவருடைய செல்வாக்கு என்று அவர் நினைத்தார். பாம்பும் முள்ளும் மண்டிய புதரில் அளவுச் சங்கிலி இழுக்க வேறு எவனுக்கும் ஆசையில்லை என்பதுதான் காரணம்.

ஆள் ஒல்லி, நெட்டை. யாரிடமும் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலே எதையோ குறிவைத்துப் பேசுவார். இந்த மலைப் பத்திரங்களில் எல்லாம் எல்லை மரத்தில்தான் தொடங்கும். 'ஜோப் கரடியைச் சுட்ட செஸ்ட்நட் மரத்தில் தொடங்கி, பாறைக்கு நேராக நாற்பது கழி தூரம்' என்று எழுதியிருக்கும். அந்தச் செஸ்ட்நட் மரங்களோ டென்சிலின் வாலிப காலத்திலேயே நோய் வந்து ஒன்று விடாமல் பட்டுப்போயின. ஆகவே தகராறு வந்தால் இவன் ஒரு அடிக்கட்டையைக் காட்டுவான், அவன் இன்னொன்றைக் காட்டுவான். டென்சில் குனிந்து, கத்தியால் ஒரு செதில் சீவிப் பார்ப்பார்.

“இது ஓக்கு. ஒனக்கு நெலந்தான் தெரியாதுன்னு நெனச்சேன். மரமும் தெரியல” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அவர் மனைவி ஓர்ஃபா இறந்தபோது, சவ அடக்கத்தில் பாதிரியார், “மலையுச்சியில் பிறந்த இந்தச் சகோதரி” என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த டென்சில், “கணவாய்ல” என்றார். பாதிரியாருக்குப் புரியவில்லை. “உச்சியில யாரும் பொறக்க மாட்டாங்க. கணவாய்ல பொறந்தா” என்று திருத்திவிட்டுத்தான் கைக்குட்டையை எடுத்தார். இப்படி ஒரு மனிதர்.

அவர் வீடும் ஒரு கணவாயில்தான் இருந்தது. இரண்டு மலைக்கு நடுவே கொஞ்சம் தட்டையான இடம். அங்கே இரண்டே வீடு. ஒன்று டீட்டர் வீடு, வேலிக்கு அந்தப்பக்கம் ரெயின்ஸ் வீடு. அந்த வேலி சாதாரண வேலி இல்லை. கவுண்டியை உண்டாக்கின பழைய சட்டத்தில், மலையின் எந்த இடத்தில் தண்ணீர் வடக்கே இறங்குகிறதோ அது ப்ரேடர், தெற்கே இறங்கினால் அடுத்த கவுண்டி என்று எழுதி வைத்திருந்தார்கள். போர் நடுவில், 1863-இல், தெற்குப் படையோடு நின்ற வர்ஜீனியாவைப் பிளந்து, வடக்கோடு சேர்ந்த மேற்கு வர்ஜீனியா என்று புது மாநிலம் செய்தபோது, இந்தக் கோட்டைத்தான் மாநில எல்லையாக வைத்துக்கொண்டார்கள். டீட்டர் வீட்டுச் சுனைத் தண்ணீர் வடக்கே போகிறது. ரெயின்ஸ் வயல் தண்ணீர் தெற்கே போகிறது. ஆகவே கோடு வேலியோடு போகிறது என்பது நூறு வருஷமாக யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ஐவா ரெயின்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாமல் தன் மாடுகளோடு தனியாக வாழ்ந்தவள். டென்சிலைவிட ஆறு வயது இளையவள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே அறையில் படித்தவர்கள். அவள் வரி கட்டுவது வர்ஜீனியாவுக்கு. கடை, தேவாலயம், நல்லது கெட்டது எல்லாம் ப்ரேடரில், ஏனென்றால் பாதை அந்தப் பக்கம்தான் இறங்கியது. டென்சில் அவளை 'வெளிநாட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுவார். அவள் சிரித்துக்கொள்வாள்.

1963-இல் மாநிலத்துக்கு நூறு வயது. ஊருக்கு ஊர் கல் நட்டார்கள். ப்ரேடர் சும்மா இருக்குமா? மாநிலம் பிறந்த ஜூன் இருபதாம் தேதி நீதிமன்ற முற்றத்தில் ஒரு நினைவுக்கல் திறப்பது, 1863-இல் அதே நாளில் கவுண்டியின் ஊர்க்காவல் படையில் நின்றவர்களின் பேரை அதில் பொறிப்பது என்று முடிவாயிற்று. பேர்களைச் சலித்தெடுக்கும் வேலையை டென்சிலிடம் கொடுத்தார்கள். ஓநாயிடம் ஆட்டுப்பட்டியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

முப்பத்துநாலு பேர் வந்தன. டென்சில் விதி போட்டார். அந்தத் தேதியில் அந்த ஆளின் வீடு கவுண்டி எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும். படையில் இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பேர் போச்சு. பேரன்மார்கள் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றார்கள். 'குதிரைத் திருடன்.' 'அப்போது வயது ஒன்பது.' 'இப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை.' இப்படி ஓரத்தில் பென்சிலால் எழுதி எழுதி அடித்தார். கடைசியில் ஏழு பேர் மிஞ்சினார்கள். முதல் பேர் ஜோனஸ் டீட்டர், டென்சிலின் தாத்தா. வீடு கணவாயில், கோட்டுக்கு வடக்கே. காவல்படைப் பட்டியலில் பேர் இருக்கிறது. இரண்டும் சரி. டென்சில் பிறந்தபோதே ஜோனஸ் உயிரோடு இல்லை. ஆனால் அந்தப் பேரைச் சொல்லும்போது டென்சிலின் குரல் கொஞ்சம் தாழும். அந்தப் பேர் கல்லில் முதலாவதாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற பேர்களை அவர் வெட்டின வேகத்துக்கு அதுதான் காரணமென்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் பேசினதில் அது ஒன்றுதான் உண்மை.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, தீயணைப்புக் கொட்டகையில் ராம்ப் விருந்து. ராம்ப் என்பது வசந்தத்தில் காட்டில் முளைக்கிற பூண்டு. தின்றவன் பக்கத்தில் மூன்று நாளைக்கு யாரும் நிற்க முடியாது. ஊரே தின்பதால் யாருக்கும் கவலையில்லை. பன்றிக்கொழுப்பில் வதக்கின ராம்பும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சோளரொட்டியும் தட்டு தட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது டென்சில் எழுந்து ஏழு பேரையும் படித்தார்.

கொட்டகைப் பொறுப்பாளர் ஹோய் பிளாண்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். “சர்வேயரய்யா, எங்க தாத்தா பேரு?”

“அவரு ஆகஸ்டுலதான் இந்தக் கவுண்டிக்கே வந்தாரு. அதுவும் ஒரு பொண்ண இழுத்துக்கிட்டு.”

ஹோய் பிளாண்ட் உட்கார்ந்துவிட்டார். பீன்ஸ் பாத்திரத்தோடு வந்த ஐவா, டென்சிலின் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எலைஹு ரெயின்ஸ் பேரக் காணோமேப்பா.”

“ஒன் தாத்தா வீடு வேலிக்குத் தெக்க. வெளிநாடு.”

“பட்டியல்ல பேரு இருக்குல்ல? ரெண்டு குளிர்காலம் பனியில ரோந்து நடந்தாரு. கால்ல ரெண்டு வெரலு கருகி விழுந்துச்சு.”

“வெரலு எங்க விழுந்தா எனக்கென்ன? வீடு எங்க நின்னுச்சுங்கறதுதான் கேள்வி. ஒன் வாசல்ல ஒரு வாளித் தண்ணிய ஊத்திப் பாரு. எந்தப் பக்கம் ஓடுதுன்னு அது சொல்லும். மனுசன் பொய் சொல்லுவான், தண்ணி சொல்லாது.”

கொட்டகையில் நாலு பேர் சிரித்தார்கள். தன் தாத்தாவைப் பறிகொடுத்தவனுக்கு அடுத்தவன் தாத்தா போவதில் ஒரு ஆறுதல்.

“ஒன் வீட்டுத் தண்ணி?” என்றாள் ஐவா.

“வடக்க. நான் பொறந்ததுலேருந்து வடக்க.”

ஐவா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். “டென்சிலு, ஒனக்கு நெசமாவே தெரியாதா?”

“என்ன தெரியாது?”

“ஒண்ணுமில்ல. இன்னுங்கொஞ்சம் பீன்ஸ் வைக்கட்டா?”

வெளிநாட்டுக்காரி உளறுகிறாள் என்று டென்சில் நினைத்துக்கொண்டார். அந்த மிதப்பில், திரும்பிப் போகும்போது கொட்டகைப் படியில் கால் பிசகி, கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

இந்த இடத்தில் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீட்டர் வீட்டின் பின்னால் சுனை. அதிலிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பி, விறகுக் கொட்டகையைச் சுற்றி, வடக்கே இருந்த ஒரு சின்ன மேட்டை இடுப்பளவு ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதில் இலைதழையும் மண்ணும் வந்து அடைத்துக்கொள்ளும். டென்சில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து மண்வெட்டியால் வாரிப் போடுவார். அவர் அப்பா வாரினார், அதனால் இவரும் வாரினார். நிலவறையில் தண்ணீர் ஏறாமலிருக்கத்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். நிலவறையோ வீட்டின் மறுபக்கத்தில், சுனையைவிட உயரத்தில் இருந்தது. ஊரார் பத்திரங்களில் அரையடி பிசகினாலும் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மனிதருக்கு ஐம்பது வருஷத்தில் ஒரு தடவையாவது இது உறைத்திருக்க வேண்டாமா? எல்லார் வீட்டையும் அளந்தவர் தன் வீட்டை மட்டும் அளந்ததே இல்லை. பெரிய மனிதர்களின் லட்சணம் இப்படித்தான் இருக்கிறது.

அந்த ஏப்ரலில் அவர் கட்டிலில் கிடந்தார். வாய்க்காலை யாரும் வாரவில்லை. மே மாதம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை ஐவா வந்து கதவைத் தட்டினாள். ரப்பர் பூட்ஸ் முழங்கால் வரை சேறு.

“டென்சிலு, ஒன் சுன என் கோழிக்கூட்டுக்குள்ள நிக்குது. வந்து கூட்டிக்கிட்டுப் போ.”

“ஒளறாத. என் சுன எப்படி அங்க வரும்?”

“அதத்தான் வந்து பாருன்றேன்.”

கட்டுப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊன்றுகோலோடு விந்தி விந்தி வந்து பார்த்தார். வாய்க்கால் அடைத்துக்கொண்டதும் சுனை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கு அடியில் நுழைந்து, ஐவாவின் வயலில் நேராகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. தடுமாறவில்லை, பரவவில்லை. புல்லை அரித்த இடத்தில் அடியில் உருண்டைக் கூழாங்கற்கள் தெரிந்தன. கூழாங்கல் உருண்டையாக எத்தனை ஆயிரம் வருஷம் தண்ணீர் ஓட வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது தண்ணீரின் சொந்த வழி.

அவர் வீட்டுக்குள் போய் மட்டம் பார்க்கிற கருவியை எடுத்துவந்தார். ஐவாவை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவளும் சேற்றில் நின்று பிடித்தாள். மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் ஒரே கணக்கு. வாய்க்கால் அறுத்துக்கொண்டு போகிற அந்த வடக்கு மேடு, அவர் வீட்டு வாசலைவிட இரண்டடி உயரம். அந்த மேடுதான் மலையின் முகடு. தண்ணீர் பிரிகிற இடம் அதுதான். டீட்டர் வீடு, ரெயின்ஸ் வீடு, நடுவில் இருக்கிற வேலி எல்லாம் அதற்குத் தெற்கே. எல்லாம் வர்ஜீனியா.

“இது ஆளு வெட்டுன வாய்க்கா” என்றார் மெதுவாக.

“ஜோனஸ் வெட்டுனது. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். தெக்கத்திப் படைக்கு ஆள் புடிக்க வர்ஜீனியாவுலேருந்து வந்தாங்களாம். ஒங்க தாத்தா ரெண்டே நாள்ல மேட்ட அறுத்துட்டு, 'பாருங்க, என் தண்ணி வடக்க போவுது, நான் ஒங்க ஸ்டேட்டே இல்ல'ன்னு நின்னாராம். போய்ட்டாங்க.”

“வடக்கத்திக்காரன் ஆள் புடிக்க வந்தப்போ?”

“அதோ, சுன வாய்ல ஒரு பலகக்கல்லு கெடக்குது பாரு. அத நிமித்தி வச்சா வாய்க்கா அடைஞ்சுரும். தண்ணி எங்க பக்கம் வந்துரும். 'நான் வர்ஜீனியாக்காரன்'னு அவங்களையும் அனுப்பி வச்சாராம்.” ஐவாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “காவப்படையில பேரு குடுத்தது வாஸ்தவம். ஆனா பனியில ஒரு நாளு நடக்கல. அவரு மொறைக்கும் சேத்து எலைஹுதான் நடந்தாரு.”

டென்சில் அந்தப் பலகைக்கல்லைப் பார்த்தார். வாய்க்கால் வாரும்போதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்.

“ஏன் இத்தன வருசமா சொல்லல?”

“பக்கத்து வீட்டுக்காரங்கள அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நீதான் பீன்ஸ் தின்னுக்கிட்டே தண்ணி பொய் சொல்லாதுன்ன. அது இப்பத்தான் வாயத் தொறந்திருக்கு.”

கல்தச்சர் பட்டியலுக்காகத் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. விதி டென்சில் போட்ட விதி. அதன்படி பார்த்தால் ஜோனஸின் வீடு எல்லைக்கு வெளியே. பேர் போச்சு. அதோடு நிற்காது. கவுண்டி அதிகாரி கவுண்டிக்குள் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். இருபத்தெட்டு வருஷமாக ப்ரேடர் கவுண்டியை அங்குலம் அங்குலமாக அளந்த மனிதர் ப்ரேடர் கவுண்டிக்காரரே இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, உண்மையாகவே வெட்கப்பட்டார். இரண்டு நாள் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளில் அவர் செத்திருந்தால் அவரைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருந்தபோது, அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

ஐவாவின் பசு அன்றைக்குக் கன்று போடுகிற நேரம், அதனால் அவள் தேவாலயம் போகவில்லை. வெட்டுகிற சத்தம் கேட்டு வேலிப் பக்கம் வந்தாள். டென்சிலுக்கு அறுபத்துநாலு வயது, சரியாகக் கூடாத கணுக்கால், இடுப்பளவு சேறு. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“ஜோனஸ் இதவிட வேகமா வெட்டுவாராம்” என்றாள்.

டென்சில் நிமிரவில்லை. “நாளைக்குப் பட்டியல் போகுது.”

“தெரியும்.”

“எலைஹு பேரையும் சேத்துடறேன். எட்டாவதா.” ஒரு மண்வெட்டி மண்ணை வாரிப் போட்டார். “நீ இதப் பத்தி யாருகிட்டயும் பேசாம இருந்தாச் சரி.”

“விதி?”

“விதி நான் போட்டதுதானே.”

ஐவா வேலிக் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. அதுக்கு நீ எனக்கு ஒண்ணுந் தர வேணாம். ஆனா எங்க தாத்தா பேர ஒங்க தாத்தா பேருக்குக் கீழ போட்டேன்னா, கல்லு தொறக்கற அன்னிக்குச் சுத்தியலோட வருவேன்.”

“மேல போடறேன்.”

“வேணாம்ப்பா. நீ வெட்டு. கன்னுக்குட்டி வந்துருச்சான்னு நான் போய்ப் பாக்கணும்.”

மத்தியானத்துக்குள் தண்ணீர் வடக்கே திரும்பிவிட்டது. திங்கட்கிழமை பட்டியல் போயிற்று. ஏழு பேர்.

ஜூன் இருபதாம் தேதி முற்றம் நிறையக் கூட்டம். டென்சில் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு நின்று பேர்களைப் படித்தார். ஐவா உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துக்கொண்டு, தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். “ஜோனஸ் டீட்டர்” என்று அவர் படித்ததும் அவள் எழுந்து நின்று கைதட்டினாள். அவள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அவள் நிறுத்தவில்லை, ஆகவே யாரும் நிறுத்த முடியவில்லை. அடுத்த பேரைப் படிக்க டென்சில் ரொம்ப நேரம் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. காகிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஹோய் பிளாண்ட் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அதற்கப்புறம் டென்சில் யாரையும் திருத்தவில்லை. பத்திரத் தகராறில் இவன் ஒரு அடிக்கட்டையைக் காட்டினால் “அதுவும் இருக்கலாம்” என்பார். அவன் இன்னொன்றைக் காட்டினால் அதற்கும் தலையாட்டுவார். வயதானதும் ஆள் கனிந்துவிட்டார் என்று ஊர் மெச்சிக்கொண்டது. இந்த ஊருக்கு எதைத்தான் சரியாகப் பார்க்கத் தெரிந்தது? அடுத்த தேர்தலிலும் அவர்தான் ஜெயித்தார். ஒவ்வொரு ஏப்ரலிலும் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். முன்பு ஒரு நாளில் முடிந்த வேலை இப்போது நாலு நாள் பிடித்தது. பலகைக்கல்லில் மட்டும் உட்காருவதில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் ஐவா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிநாட்டுக்காரி என்று அவர் மறுபடி கூப்பிடவில்லை.

1970 பிப்ரவரியில் இறந்தார். வீட்டுக்குப் பின்னால், ஓர்ஃபாவுக்கும் ஜோனஸுக்கும் நடுவில் அடக்கம் செய்தார்கள். 'டென்சில் டீட்டர், ப்ரேடர் கவுண்டி நில அளவையாளர்' என்று கல்லில் பொறித்திருக்கிறது. பிள்ளை குட்டி இல்லை. ஏப்ரல் வந்தது, வாய்க்கால் அடைத்தது, யாரும் வாரவில்லை. மழையில் சுனை மறுபடியும் வீட்டைச் சுற்றி வந்து, மூன்று கல்லறைகளுக்கும் அருகாகப் போய், வேலிக்கு அடியில் தெற்கே இறங்கியது. ஐவாவின் மாடுகள் அதில் வாய் வைத்துக் குடித்தன. கோழிக்கூட்டை அவள் ஏற்கெனவே மேடான இடத்துக்கு மாற்றியிருந்தாள்.

ஹோய் பிளாண்ட் ஒரு நாள் மேலே வந்தபோது அதைப் பார்த்தார்.

“பாவம் சர்வேயரு, அந்த வாய்க்கால எப்படிப் பாத்துக்கிட்டாரு! மண்வெட்டி விறகுக் கொட்டகையிலதான் கெடக்கும். யாராவது வாரி விடக் கூடாதா, ஐவா?”

“விடு ஹோய்” என்றாள் ஐவா. “நூறு வருசமா அந்தக் குடும்பம் அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் வர்ஜீனியாவுல வந்து நிம்மதியாப் படுத்திருக்காங்க.”